நோட்டில் முகம், நூலில் வேறு பெயர்

ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்துவிட்டு வந்த தோழர் ஒருவர் அந்நாட்டு 50 டாலர் நோட்டைக் காட்டினார். அதில் டேவிட் உனாய்பனின் முகம். ஆதிக்குடியில் பிறந்த எழுத்தாளர், கண்டுபிடிப்பாளர். 1995 முதல் நோட்டில் இருக்கிறார். ‘பாத்தீங்களா, எவ்வளவு மரியாதை!’ என்றார் தோழர்.

அந்த மரியாதையின் லட்சணத்தைச் சொல்கிறேன். 1920களில் உனாய்பன் ஆதிக்குடிக் கதைகளைத் தொகுத்து எழுதினார். கையெழுத்துப் பிரதியை வாங்கிய பதிப்பகம் அதை வில்லியம் ராம்சே ஸ்மித் என்ற வெள்ளை மருத்துவருக்கு விற்றது. 1930ல் ஸ்மித் பெயரில் புத்தகம் வந்தது. உள்ளே உனாய்பன் பெயரே இல்லை. அவர் 1967ல் இறந்துபோனார். அவர் பெயரிலேயே அந்நூல் வந்தது 2001ல்தான்.

எழுதத் தெரியாததால் வந்த வினையா இது? இல்லை. எழுதினார், நன்றாகவே எழுதினார். அச்சும் உரிமையும் அவர் கையில் இல்லை. அவ்வளவுதான்.

இந்தக் களவுக்குப் பதில் சொல்ல அங்கே ஆட்கள் கிளம்பினார்கள். 1984ல் கிம்பர்லிப் பகுதியில் நடந்த பண்பாட்டு விழாவில் நூற்றுக்கணக்கான பெரியவர்கள் கூடினார்கள். எங்கள் கதைக்கு நாங்களே காவல் என்கிற அந்தப் பேச்சிலிருந்துதான் ப்ரூம் ஊரில் ‘மகபாலா’ பதிப்பகம் பிறந்தது. 1987ல் முதல் நூல். 1990ல் முழுச் சுதந்திரம். மகபாலா என்பது ஒரு காட்டுக்கொடி. நம்ம எருக்கங்காய் மாதிரி, காய் வெடித்தால் விதை காற்றில் பறக்கும்.

‘பெரிய பதிப்பகம் போட்டா நாலு பேருக்குப் போய்ச் சேருமே?’ என்பார்கள். அலி காபி எக்கர்மனின் கவிதை நூலை 2012ல் போட்டது மகபாலாதான். 2013ல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஆண்டுச் சிறந்த நூல் விருது அதற்குத்தான் போனது.

மகபாலா அரசு மானியமும் வாங்குகிறது. அதுவும் ஒரு கயிறுதான், மறைக்க வேண்டாம். ஆனால் எதை அச்சிடலாம், எந்தக் கதை வெளியே போகக்கூடாது என்று முடிவெடுப்பது ஆதிக்குடியினரின் நிர்வாகக் குழு. அதிகாரம் இருக்கும் இடம் அது.

‘எங்களைப் பற்றி யார் எழுதுவது?’ என்று ஓயாமல் கேட்கிறோம். நல்ல கேள்வி. அதோடு இன்னொன்றையும் கேளுங்கள் தோழர்களே: உரிமைப் பத்திரம் யார் பெட்டியில் கிடக்கிறது? அதைக் கேட்காமல் விட்டால், முகம் மட்டும் நமக்கு மிஞ்சும்.