சராசரியில் மூழ்கும் சிற்றூர்கள்

'தரவு பொய்யுரைக்காது' எனக் கருத்தரங்குகளில் முழங்குவோரே, ஆந்திர எல்லையின் தமிழ்ச் சிற்றூர்களை எந்த அலகில் எண்ணுகிறீர்கள்?

1956ஆம் ஆண்டின் நடுவணரசுக் குறிப்பாணை, மக்களில் 15 முதல் 20 விழுக்காட்டினர் பேசும் சிறுபான்மை மொழியிலும் அப்பகுதியின் முதன்மையான அரசு அறிவிப்புகள் வெளிவர வேண்டும் என்கிறது. அது எதன் விழுக்காடு? ஓர் எடுத்துக்காட்டு: ஆயிரம் பேர் வாழும் ஊரில் 600 தமிழர் எனில், அது 60 விழுக்காடு. ஐம்பதாயிரம் பேர் கொண்ட மண்டலத்தில் வேறு தமிழர் இல்லையெனில், அதே 600 பேர் 1.2 விழுக்காடு. மனிதர் மாறவில்லை, வகுத்தி மாறியது, உரிமை மறைந்தது.

பட்டாஸ்கர் கிராமத்தையே அலகாகக் கொண்டார். அவ்வழியே 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லை வகுக்கக் கிராமம் அலகாகலாம். அறிவிப்பு ஒட்ட மட்டும் மாவட்டச் சராசரியா? 2022இல் சித்தூர் மாவட்டமும் பிரிக்கப்பட்டது. வகுத்தி மீண்டும் மாறியது. வடமாலபேட்டையில் ஒரு முதியவள் வீட்டில் பேசும் மொழியும் அன்றே மாறிவிட்டதா?

மாவட்ட அட்டவணையை வினவாமல் ஆய்வேட்டில் ஒட்டும் நாமும் இதற்கு உடந்தையே. கிராம அளவிலான தாய்மொழித் தரவைக் கேட்போம். அலகைச் சொல்லாத விழுக்காடு சான்றன்று. தீர்ப்பை முன்னரே எழுதிவிட்டுத் தேடிய சாக்கு.