பதிவில்லாத மனைவியரின் கோரிக்கைச் சாசனம்

வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவியர், நாள் குறித்தும் தாலி ஏறாத பெண்கள், கடல் கடந்துபோயும் காத்திருப்பவர்கள் ஆகிய நாங்கள் இலங்கை அரசிடமும் எங்கள் ஊராரிடமும் கேட்பவை இவை.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் அம்மாமார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போராட்டம் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் நாங்களும் குந்தியிருந்தோம். பிள்ளையைத் தேடும் தாயை மறித்து யாரும் கேட்பதில்லை. எங்களிடம்தான் "நீ அவருக்கு என்ன முறை?" என்கிறார்கள்.

வன்னியில் புலிகள் இயக்கம் ஆள் பிடித்த நாட்களில், பிடிபடாமல் இருக்க அவசரமாகக் கட்டிவைத்த கலியாணங்கள் எத்தனை! இடம்பெயர்ந்து ஓடும்போது பதிவுகாரரை எங்கே தேடுவது? போரின் கடைசியில் வெறும் மஞ்சள் கயிற்றோடுதான் பலர் வட்டுவாகல் பாலம் கடந்து படையினரின் பக்கம் வந்தோம். விதானையாரும் அயலவரும் சாட்சி சொன்னால் அந்தக் கலியாணங்களைச் சட்டம் ஏற்க வேண்டும். தாலியே ஏறாதவளுக்கும் முறைப்பாடு கொடுக்கும் உரிமை வேண்டும்.

2009 மே மாதம் படையினரிடம் சரணடைந்தவர்களின் பட்டியலை வெளியிடுங்கள். 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமற்போனவர்கள் இறந்துவிட்டார்கள் என்றார். எங்கே, எப்போது, யாரால்? அந்தியேட்டிக்கும் திவசத்துக்கும் ஒரு திதி வேண்டாமா?

2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த காணக்கிடைக்காமைச் சான்றிதழ் காணி, வங்கி அலுவல்களுக்கு உதவுகிறது. நல்லது. 2022இல் காணாமல் ஆக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபா தருவதாகச் சொன்னார்கள். வாங்கியவளை நாங்கள் குறை சொல்லோம், பிள்ளைகளுக்குப் பசிக்கும். காசைக் கொடுத்துக் கோப்பை மூடுவதைத்தான் எதிர்க்கிறோம். கையெழுத்துக்காகக் கந்தோருக்குப் போகும் பெண்ணிடம் வேறு விலை கேட்கும் அதிகாரியை வேலையை விட்டு நீக்குங்கள்.

ஊராருக்கும் ஒன்று. பொட்டு வைத்தால் "யாருக்காக?" என்கிறீர்கள். வைக்காவிட்டால் "அவனைச் சாகடித்துவிட்டாள்" என்கிறீர்கள். வைப்பதும் விடுவதும், மறுபடி கட்டுவதும் கட்டாததும் எங்கள் விருப்பம். கலியாண வீட்டில் எங்களைப் பின்வரிசைக்கு அனுப்பாதீர்கள்.

பத்திரிகையாளர் பிரகீத் எக்னலிகொட 2010 ஜனவரி 24இல் காணாமற்போன நாள் முதல் அவர் மனைவி சந்தியாவும் தேடுகிறார். சந்தியா சிங்களவர்; என்றாலும் எங்களில் ஒருத்திதான்.

ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கும் எங்கள் பெண்கள் இலங்கைத் தூதரக வாசல் மிதிக்கப் பயப்படுகிறார்கள். அவர்களின் வாக்குமூலத்தையும் மரபணுப் பரிசோதனைக்குப் பிள்ளைகளின் இரத்த மாதிரியையும் சர்வதேச நிபுணர்கள் நேரில் பெற வழி செய்யுங்கள்.

2025 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில் எடுத்த துணிகளையும் பொருட்களையும் மக்களுக்குக் காட்டினார்கள். எலும்புகள் யாருடையவை என்று அறியும் மரபணுப் பரிசோதனைக்குத் தாயின் இரத்தம் உதவும், பிள்ளையின் இரத்தம் உதவும். மனைவியின் இரத்தம் உதவாது. ஆனால் எந்தச் சேர்ட்டின் பொத்தானை வேறு நிற நூலால் தைத்தோம், எந்தப் பல் உடைந்திருந்தது, எந்தக் காலில் செல் துண்டு இருந்தது என்று சொல்ல எங்களால் முடியும். அதைக் கேட்டு எழுத ஆளை அனுப்புங்கள்.