ஸ்கிராப்ல போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை திறந்து பாருங்க

மியூசிக் கிளப் ரூம் மூலையில, ஜிப் பிஞ்ச பைக்குள்ள ஒரு கறுப்பு எலக்ட்ரிக் கிட்டார் சாஞ்சு கிடக்கு, பார்த்திருக்கீங்களா? எந்த பேட்ச் சீனியர் விட்டுட்டுப் போனார்னு யாருக்கும் ஞாபகம் இல்ல. வால்யூம் குமிழைத் திருப்பினா கரகரன்னு சத்தம். ஜாக்கை லேசா ஆட்டினா ஒலி வந்து வந்து போகும். எவ்வளவு டியூன் பண்ணினாலும் மேல் ஃப்ரெட்டுக்குப் போனதும் சுருதி விலகும். இந்த வருஷ பட்ஜெட் மீட்டிங்ல, "அதை ஸ்கிராப்ல போட்டுட்டுப் புதுசு ஒண்ணு வாங்கிடலாம்"னு பேச்சு வந்தது. கிட்டத்தட்ட எல்லாரும் கை தூக்கினாங்க. நான் தூக்கல. ஏன்னு அந்த அஞ்சு நிமிஷத்துல சொல்ல முடியல. அதான் இங்க எழுதறேன்.

முதல் விஷயம், அந்தக் கிட்டாருக்குள்ள இருக்கிறது நம்ம முதல் வருஷப் பாடம். ஆறு காந்தத் துண்டு, அதைச் சுத்தி முடி மாதிரி மெலிசான செம்புக் கம்பி, பல ஆயிரம் சுத்து. மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறும், காயில்ல வோல்டேஜ் வரும். ஃபாரடே விதி, அவ்வளவுதான். அப்புறம் ரெண்டு மூணு பொட்டென்ஷியோமீட்டர், ஒரு கெப்பாசிட்டர், ஒரு ஸ்விட்ச், ஒரு ஜாக். டோன் குமிழ்னு நாம திருப்பறது ஒரு சாதாரண ஆர்-சி லோ பாஸ் ஃபில்டர். லேப்ல இதையே பிரெட்போர்டுல போட்டு கிராஃப் வரைஞ்சு கையெழுத்து வாங்கினோம். அதே சர்க்யூட் ஒரு மரக்கட்டைக்குள்ள இருந்தா மட்டும் ஏன் பயப்படறோம்?

ரெண்டாவது, இந்தக் கருவியே கழட்டி மாட்டறதுக்காக வடிவமைச்சது. லியோ ஃபெண்டர் அமெரிக்காவில் ரேடியோ ரிப்பேர் கடை நடத்தினவர். 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரோட கழுத்தை உடம்போட ஒட்டல, நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். கெட்டுப் போன பாகத்தை மட்டும் மாத்தலாம்ங்கிறது அந்த டிசைன்லயே இருக்கு. நம்ம கறுப்புக் கிட்டாரும் அதே அச்சுல வார்த்ததுதான்.

அதைப் புரிஞ்சுக்கிட்டவங்க என்ன பண்ணினாங்கன்னு பாருங்க. எரிக் கிளாப்டன் 1970-ல் நாஷ்வில் நகரத்துக் கடை ஒண்ணுல ஆறு பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் வாங்கினார். மூணை நண்பர்களுக்குக் கொடுத்துட்டு, மீதி மூணோட நல்ல பாகங்களைச் சேர்த்து ஒரே கிட்டார் ஆக்கினார். அதுதான் 'பிளாக்கி'. 2004-ல் ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போச்சு. எடி வான் ஹேலன், தரப் பரிசோதனையில் கழிச்ச உடம்பையும் கழுத்தையும் மலிவா வாங்கி, வேற கிட்டார்ல இருந்த ஹம்பக்கர் பிக்கப்பைத் திணிச்சு, ஒரே ஒரு குமிழோட ஓட்டினார். 1978-ல் வந்த வான் ஹேலன் முதல் ஆல்பத்துல கேக்கறது அந்த ஒட்டுக் கிட்டார்தான். அவங்க வாசிப்பு நமக்கு வராது, சரி. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க வருமே?

இப்ப என் தப்பைச் சொல்றேன். "மாத்து, மாத்து"ன்னு குதிக்கறவங்களுக்கும் எனக்கும் இருக்கிற சண்டை இதுலதான் ஆரம்பம். என்கிட்ட இருந்த பழைய கிட்டார் சுருதி சேரலன்னு, வீடியோ பார்த்துட்டு முதல்ல மாத்தினது பிக்கப். ரூ. 3,400 போச்சு. மாட்டி வாசிச்சா, அதே அபசுரம், முன்னைவிடத் தெளிவா கேட்டுச்சு! கோளாறு பிக்கப்ல இல்ல, பிரிட்ஜ்ல. அந்தக் கிட்டாரோட ஸ்கேல் நீளம் 648 மி.மீ. 12-வது ஃப்ரெட் சரி பாதியில, 324-ல் இருக்கு. ஆனா விரலால அழுத்தும்போது கம்பி கொஞ்சம் இழுபட்டு சுருதி ஏறும். அதை ஈடுகட்ட, பிரிட்ஜ்ல இருக்கிற சேடிலைக் கொஞ்சம் பின்னாடி தள்ளணும். 12-வது ஃப்ரெட்ல ஹார்மோனிக்கும் அழுத்தின சுரமும் டியூனர்ல ஒண்ணா காட்டற வரைக்கும் ஒரு சின்ன ஸ்க்ரூவைத் திருப்பணும். அழுத்தின சுரம் கூடுதலா இருந்தா பின்னாடி, குறைவா இருந்தா முன்னாடி. செலவு பூஜ்யம். இதைத் தெரிஞ்சுக்காமதான் நான் 3,400 ரூபா கட்டினேன்.

அதனால என் கருத்து இதுதான்: பழைய கிட்டாரை மேம்படுத்தறதுன்னா கடைக்குப் போறது கடைசி வேலை. எது கெட்டிருக்குன்னு கண்டுபிடிக்கறது முதல் வேலை.

வரிசையா சொல்றேன். முதல்ல புதுக் கம்பி போடுங்க. துருப்பிடிச்ச கம்பியை வெச்சுக்கிட்டு எதையும் சோதிக்க முடியாது. அடுத்து கழுத்தோட வளைவு. உள்ளே டிரஸ் ராடுன்னு ஒரு இரும்புக் கம்பி இருக்கு. கால் சுத்துக்கு மேல ஒரே நேரத்துல திருப்பாதீங்க, இறுகிப் போயிருந்தா மல்லுக்கட்டாதீங்க. அப்புறம் சேடில் உயரம், நான் சொன்ன நீளம். டியூன் பண்ணும்போது 'டிங்'னு சத்தம் வந்தா, கம்பி நட்டோட பள்ளத்துல மாட்டுதுன்னு அர்த்தம். அந்தப் பள்ளத்துல பென்சிலைத் தேயுங்க. கிராஃபைட் போதும், வழுக்கும். டியூனிங் மெஷினைக் குறை சொல்றவங்கள்ல பாதிப் பேர் இதைச் செஞ்சு பார்த்ததில்ல.

இதெல்லாம் முடிஞ்ச பிறகு மின்சாரம். கரகர குமிழுக்குக் கான்டாக்ட் கிளீனர் அடிச்சு இருபது தடவை திருப்புங்க. சரியாகலன்னா பாட்டை மாத்துங்க. சிங்கிள் காயிலுக்கு 250 கே, ஹம்பக்கருக்கு 500 கே. ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டா கிடைக்கும். ஆனா வால்யூமுக்கு லாக் வகை கேளுங்க, பெரும்பாலும் மேலே 'ஏ'ன்னு போட்டிருக்கும். ஷாஃப்ட் உங்க குமிழுக்குப் பொருந்துதான்னும் பாருங்க. ஆடற ஜாக்குக்கு சால்டரை உருக்கி மறுபடி பத்த வெச்சா போதும். ம்ம்ம்னு ஹம் வருதா? உள் பள்ளத்துல செம்பு டேப் ஒட்டி கிரவுண்டோட இணைங்க. சிங்கிள் காயில் ஹம் முழுசா போகாது, கணிசமா குறையும். இவ்வளவும் பண்ணின பிறகும் ஒலி பிடிக்கலன்னா, அப்ப பிக்கப் பத்திப் பேசலாம்.

"இவ்வளவு நேரம் யாருக்கு இருக்கு? புதுசு வாங்கினா ஒரே நாள்ல முடிஞ்சிடுமே"ன்னு கேப்பீங்க. பாதி நியாயம். கழுத்து முறுக்கிப் போயிருந்தா, ஃப்ரெட் பூரா தேஞ்சு பள்ளமா இருந்தா, செலவு கிட்டார் விலையைத் தாண்டும். அப்ப விட்டுடலாம், நானே கை தூக்கறேன். ஆனா புதுசா வர்ற விலை குறைஞ்ச கிட்டாரும் பல நேரம் செட்டப் பண்ணாமத்தான் வரும். அதுக்கும் இதே வேலையைப் பார்க்கத் தெரிஞ்ச ஆள் வேணும். யாரும் கத்துக்கலன்னா மூணு வருஷத்துல அதுவும் இதே மூலையில சாஞ்சு நிக்கும்.

எதிர்ப்பக்கம் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பழசு எல்லாத்தையும் திறந்து துளை போடறதும் தப்பு. உங்க மாமா வீட்டுப் பரண்ல 60-கள்ல வந்த ஒரிஜினல் ஃபெண்டரோ கிப்சனோ இருந்தா, பெயின்ட்டைச் சுரண்டினாலே மதிப்பு விழும். அதைத் தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க. எந்தக் கிட்டாரா இருந்தாலும் கழட்டின பாகத்தைப் பேர் எழுதி ஒரு கவர்ல போட்டு வைங்க. மரத்தைக் குடையற மாற்றத்தைக் கடைசிக்குத் தள்ளுங்க. பழைய நிலைக்குத் திருப்ப முடியாத வேலை அது ஒண்ணுதான்.

இன்னொண்ணு, இதுல விளையாட்டு வேண்டாம். கிட்டாரைத் திறக்கலாம், ஆம்பைத் திறக்காதீங்க. வால்வ் ஆம்ப்ல பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டர்ல உயிரை எடுக்கிற வோல்டேஜ் இருக்கும். அதைவிட முக்கியம், ஹாஸ்டல்ல மூணு பின் பிளக்கை ரெண்டு பின் அடாப்டர்ல சொருகறோம் பாருங்க, அந்தப் பழக்கம். கிட்டார் கம்பிகள் பிரிட்ஜ் வழியா ஆம்போட எர்த்துல சேருது. எர்த் அறுந்திருக்கும்போது ஆம்ப்ல லீக்கேஜ் இருந்தா, நாம கம்பியைப் பிடிச்சுக்கிட்டு மைக்கைத் தொட்டா சர்க்யூட் நம்ம உடம்பு வழியா பூர்த்தியாகும். 1972-ல் வேல்ஸ்ல ஸ்வான்சீ மேடையில லெஸ்லி ஹார்வி என்ற கிட்டாரிஸ்ட் சரியா எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். கல்ச்சுரல்ஸ் மேடையில நம்ம எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களை நினைச்சா எனக்குத் தூக்கம் வரல. புது கிட்டாருக்கு ஒதுக்கற காசுல முதல்ல எர்த் இருக்கிற நல்ல போர்டு நாலு வாங்கலாம்னு அடுத்த மீட்டிங்ல கேக்கப் போறேன்.

அதுவரைக்கும் அந்தக் கறுப்புக் கிட்டாரை யாரும் ஸ்கிராப்புக்கு அனுப்ப வேண்டாம். வர்ற சனிக்கிழமை மதியம் கிளப் ரூம்ல திறக்கறேன். சால்டரிங் அயர்ன் நான் கொண்டு வரேன். ஒரு செட் கம்பியும் ஒரு பென்சிலும் யாராவது எடுத்துட்டு வாங்க. சாயங்காலமும் அது உருப்படலன்னா, அடுத்த தடவை உங்களோட சேர்ந்து நானும் கை தூக்கறேன்.