கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம்

பி.பி.சி.யின் ‘எஸ் மினிஸ்டர்’ தொடரை மறுபடியும் பார்த்து முடித்தேன். 1980 முதல் 1984 வரை வந்தது. செயலாளர் சர் ஹம்ஃப்ரியாக நைஜல் ஹாதார்ன் மூச்சு விடாமல் பேசும் நீள வாக்கியங்கள், பாண்டிச்சேரியில் பழைய பிரெஞ்சு ஆணைகளைப் புரட்டிய என் போன்றவர்களுக்குப் புதிதல்ல.

அந்த மருத்துவமனைக் கதை நினைவிருக்கிறதா? ஊழியர்கள் 500க்கும் மேல், நோயாளி ஒருவர்கூட இல்லை. சுத்தத்துக்கான பரிசுக்குப் போட்டியில் வேறு! சர்வீஸில் இருந்தபோது வயிறு குலுங்கச் சிரித்தேன். இப்போதும் சிரிப்பு வருகிறது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. எல்லாம் அமைச்சருக்கும் செயலாளருக்கும் நடக்கிற மல்லுக்கட்டுதான். மனுவோடு கவுன்ட்டரில் நிற்கிறவர் கண்ணில் படுவதே அபூர்வம். அதை வாங்கிப் பதிவு செய்கிற குமாஸ்தாவும் அப்படித்தான்.

அந்த வகையில் 2001இல் சப் டி.வி.யில் தொடங்கிய ‘ஆபீஸ் ஆபீஸ்’ ஒரு படி மேல் என்பேன். பங்கஜ் கபூரின் முசத்திலால் மேஜை மேஜையாக அலைவார். எனக்கு இந்தி அரைகுறைதான். அந்த முகம் போதும். 2011இல் அது சினிமாவாக வந்தபோது, பென்ஷன் கேட்டுப் போகிறவரிடம் அவர் இறந்துவிட்டதாகப் பதிவேட்டைக் காட்டுவார்கள். நவம்பர் மாதம் லைஃப் சர்டிஃபிகேட்டோடு வரிசையில் நிற்கிற நம்மவர்கள் அந்த இடத்தில் அவ்வளவு லேசாகச் சிரித்துவிட மாட்டார்கள்.