"மூச்சு வாங்குதா, உட்காருங்க" என்று சொல்லாதீர்கள்

நம் வீடுகளில் பாசத்தோடு சொல்லப்படும் ஒரு வாக்கியத்தை எதிர்த்து இன்று எழுதுகிறேன். "மூச்சு வாங்குதுல்ல, பேசாம உட்காருங்க, நாங்க பாத்துக்கிறோம்." நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்குப் புகைக்கு அடுத்தபடியாகக் கெடுதல் செய்வது இந்த வாக்கியம்தான் என்பது என் கருத்து. கோபித்துக்கொள்ளாமல் முழுதும் படியுங்கள்.

டாக்டர் சீட்டில் சி.ஓ.பி.டி. என்று எழுதுவார்கள். ஊரில் அதையும் ஆஸ்துமாவையும் சேர்த்து 'இழுப்பு' என்று ஒரே கணக்கில் முடித்துவிடுகிறோம். இரண்டும் வேறு. 2021-இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 35 லட்சம் பேர் சி.ஓ.பி.டி.யால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கு மட்டும் வருவதும் அல்ல. பஞ்சு மில் தூசியில் வேலை பார்த்தவர்களுக்கும், விறகடுப்பு ஊதியவர்களுக்கும் வரும். என் பெரியக்கா அந்த மூன்றாவது ரகம். நாற்பது வருடம் விறகடுப்பு. கேஸ் வந்த பிறகும் வெந்நீருக்கு விறகுதான்.

அக்கா வீட்டில் நடப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். வாசல் வரை போனால் இரைக்கிறது, அதனால் வாசலுக்குப் போவதில்லை. சாப்பாடு கட்டிலுக்கே வருகிறது. கொஞ்ச நாளில் குளியலறை வரை போனாலே இரைக்கிறது. "நோய் முத்திப் போச்சு" என்கிறார்கள். முற்றியது நோய் மட்டும்தானா?

உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை கரையும். மெலிந்த தசை சீக்கிரம் சோர்ந்துபோகும். அதே பத்தடி நடக்க முன்னைவிட அதிகமாக மூச்சு கேட்கும். கொடுக்க வேண்டிய நுரையீரலோ ஏற்கெனவே பழுது. ஆக, மூச்சு வாங்குகிறதென்று உட்கார்ந்தவருக்கு, உட்கார்ந்ததாலேயே இன்னும் மூச்சு வாங்கும். நுரையீரலில் போனது போனதுதான். எந்த நடையும் அதைத் திருப்பித் தராது. காலில் போனதைத் திரும்பப் பெறலாம். இந்த நோய்க்காரர்களுக்கு நடை எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இவ்வளவுதான்.

இது வாத்தியாரின் சொந்தச் சரக்கு அல்ல. நுரையீரல் நோயாளிகளுக்கான பயிற்சி பற்றிய 65 ஆய்வுகளை, 3,800-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களோடு, காக்ரேன் அமைப்பு 2015-இல் தொகுத்துப் பார்த்தது. பயிற்சியால் மூச்சுத்திணறல் குறைகிறது, நடக்கும் தூரம் கூடுகிறது. ஆராய்ச்சிக் கட்டுரை என்றால் "மேலும் ஆய்வு தேவை" என்று முடிப்பதுதான் வழக்கம். இதிலோ, பயன் உண்டா இல்லையா என்று பார்க்க இனி ஆய்வே வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள்.

எப்படி நடப்பது? முதலில் டாக்டரிடம் கேளுங்கள். நடக்கும்போது ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பிறகு வீட்டு வராந்தா போதும். மூக்கால் இழுத்து, விளக்கை அணைக்க ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக விட வேண்டும். இழுக்கும் நேரத்தைப் போல விடும் நேரம் இரண்டு மடங்கு. மூச்சுத்திணறலுக்குப் பத்துக்கு மார்க் போடச் சொல்லுங்கள் (பழக்கம் விடவில்லை). மூன்று, நான்கு வந்தால் பயப்பட வேண்டாம். வேலை நடக்கிறது என்று அர்த்தம். அதைத் தாண்டினால் நின்று, மேசையிலோ திண்ணையிலோ கையை ஊன்றி முன்னால் சாய்ந்து, ஆறியதும் மறுபடி நடக்கலாம். ஒரு நிமிட நடை, ஒரு நிமிட ஓய்வு என்று ஆரம்பித்தாலும் சரி. மார்பு வலித்தால், தலை சுற்றினால், உதடு நீலமானால் அன்றைக்கு நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். சளி நிறம் மாறிக் காய்ச்சல் வந்த நாளில் யாரையும் நடக்க வற்புறுத்தாதீர்கள்.

இதைவிடக் கஷ்டம் ஊர் வாய். அக்காவின் மருமகள் நல்ல பெண். "அத்தை, வெங்காயம் உரிச்சுக் கொடுங்க, ரெண்டு தடவை மாடிப்படி பக்கம் போய்ட்டு வாங்க" என்று அவள் சொன்னால், "மூச்சு விட முடியாத கிழவியை வேலை வாங்குறா" என்று தெரு பேசும். அந்தப் பயத்தில்தான் பாதி வீடுகளில் கட்டிலுக்குத் தட்டு வருகிறது. பார்க்கப் போகும் நாமும் ஆப்பிளை வைத்துவிட்டு, "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று வாழ்த்திவிட்டு வருகிறோம். அதற்குப் பதில் அவரோடு வாசல் வரை நடந்துவிட்டு வாருங்களேன்.

அரசுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2023-இல் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்தார்கள். வரவேற்கிறேன். ஆனால் அக்காவுக்குத் தேவை 80 மீட்டர், நடுவில் இரண்டு பெஞ்ச். உட்கார இடம் உண்டு என்று தெரிந்தால்தான் இவர்கள் துணிந்து கிளம்புவார்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருகிறார்கள். அந்தப் பட்டியலில் நுரையீரல் நோயாளிகளையும் தவறாமல் சேர்க்க வேண்டும். டாக்டர்களும் இன்ஹேலர் எழுதும் அதே சீட்டில் "தினம் இத்தனை நிமிடம் நடக்கவும்" என்று எழுதித் தரட்டும். வாயால் சொன்னால் மருமகளுக்குக் காவல் இல்லை. சீட்டில் இருந்தால் தெருவுக்கு அதைக் காட்டலாம்.

என்னிடம் படித்த ஒருவர் இப்போது எங்கள் வார்டு கவுன்சிலர். பூங்காவில் முப்பது அடிக்கு ஒரு பெஞ்ச், கைப்பிடியோடு வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தப் பதிவை அவரும் படிப்பார். மற்ற ஊர்களில் இருக்கும் என் பிள்ளைகளும் அவரவர் வார்டில் இதையே கேளுங்கள்.