விரலை காப்பாற்றும் யோசனைக்கு என்ன மரியாதை?

கோவை, மார்ச் 4-

இன்று தேசிய பாதுகாப்பு தினம். 1966-ம் ஆண்டு இதே நாளில்தான் தேசிய பாதுகாப்பு கவுன்சில் தொடங்கப்பட்டது. கம்பெனி வாசலில் கொடி ஏற்றுவார்கள், உறுதிமொழி வாசிப்பார்கள், பேட்ஜ் குத்துவார்கள். சங்கு ஊதியதும் எல்லாரும் மெஷினுக்கு போய்விடுவார்கள்.

ஆனால் விபத்தை தடுக்க வழி சொன்ன தொழிலாளியை எத்தனை கம்பெனி மேடைக்கு கூப்பிடுகிறது?

பெடலும் விரலும்

கோவையில் பம்புசெட், மோட்டார் பாகம் செய்கிற பட்டறைகள் சந்துக்கு சந்து இருக்கின்றன. பவர் பிரஸ் ஓட்டுகிறவர்களுக்கு தெரியும். தகட்டை கையால் உள்ளே வைக்கணும், காலால் பெடலை மிதிக்கணும். கை வெளியே வருவதற்குள் பெடல் அமுங்கிவிட்டால் விரல் போச்சு.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பெடலுக்கு மேல் ஒரு இரும்பு மூடி வைத்தால், ஏதாவது விழுந்தாலும் பெடல் அமுங்காது. 2 பட்டனை 2 கையாலும் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும் என்று மாற்றினால் இன்னும் நல்லது. அமுக்குகிறவர் கை இரண்டும் வெளியே இருந்தே ஆகணும்.

எந்த மெஷின் எப்போ மக்கர் பண்ணும், எங்கே எண்ணெய் சிந்தி வழுக்கும் என்பது தினம் 8 மணி நேரம் அதன் முன்னால் நிற்கிறவருக்குத்தான் முதலில் தெரியும்.

வாய் திறக்காதது ஏன்?

சொன்னால், "உன் வேலையை பாரு" என்று பதில் வரும். காண்டிராக்ட் ஆளுக்கு நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயம். தப்பித்தவறி யோசனை பலித்தாலும் பெயர் சூப்பர்வைசருக்கு போய்விடும். அப்புறம் யார் வாயை திறப்பார்கள்?

இன்னொரு கூத்தும் நடக்கிறது. "இந்த மாதம் விபத்தே இல்லை" என்றால் பரிசு என்கிறார்கள். பரிசு போய்விடுமே என்று அடிபட்டவர் துணியை சுற்றிக்கொண்டு காயத்தை மறைக்கிறார். விபத்து இல்லை என்பதற்கு பரிசு கொடுத்தால் மறைப்பார்கள். ஆபத்தை காட்டியதற்கு பரிசு கொடுத்தால் பேசுவார்கள். வித்தியாசம் இதுதான்.

விருது இருக்கு, ஆனால்...

நல்ல யோசனை சொல்லும் தொழிலாளிக்கு மத்திய அரசு 1965-லேயே 'ஷ்ரம் வீர்' விருதை கொண்டுவந்தது. பிறகு அது 'விஸ்வகர்மா ராஷ்ட்ரிய புரஸ்கார்' ஆனது. தமிழக அரசுக்கும் 'உயர்ந்த உழைப்பாளர் விருது' உண்டு.

ஆனால் மத்திய விருதுக்கு, யோசனை திட்டம் நடக்கிற நிறுவனமாக இருக்கணும் என்பது நிபந்தனை. யோசனைப் பெட்டியே இல்லாத சின்ன பட்டறைக்காரர் எங்கே போவார்?

தொழிற்சாலை சட்டத்துக்கு பதிலாக 21.11.2025 முதல் புதிய பாதுகாப்பு சட்டத்தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்று தெரிந்தால் முதலாளியிடமும், அதே நேரத்தில் அரசு ஆய்வாளரிடமும் சொல்லலாம் என்கிறது அது. ஆனால் 10 பேருக்கும் குறைவான பட்டறைகள் பெரும்பாலும் இதற்குள் வராது.

2 டாலர் பாடம்

அமெரிக்காவில் கோடாக் கம்பெனி 1898-லேயே இதை தொடங்கியது. ஜன்னலை கழுவினால் வெளிச்சம் நன்றாக வரும் என்று ஒரு தொழிலாளி சொன்னார். 2 டாலர் பரிசு கொடுத்தார்கள். சின்ன யோசனைதான். ஆனால் காது கொடுத்தார்கள்.

இங்கேயும் பெரிய செலவு வேண்டாம். ஒரு நோட்டு போதும். எழுதிய யோசனைக்கு ஒரு வாரத்தில் பதில் சொல்லணும். முடியாது என்றால் ஏன் என்று சொல்லணும். ஏற்றுக்கொண்டால் சொன்னவர் பெயரை போர்டில் எழுதி, சம்பளத்தோடு ஒரு தொகை தரணும். காண்டிராக்ட் ஆளுக்கும் இது பொருந்தணும். சின்ன பட்டறைகளுக்கு அவர்கள் சங்கமே ஒரு பொது பரிசு வைக்கலாம்.

விரல் போன பிறகு நஷ்டஈடு தருகிறோம். அது போகாமல் இருக்க வழி சொன்னவருக்கு ஒரு நன்றியாவது சொல்ல வேண்டாமா?