லட்டு மட்டும் வாங்கி வந்தோம்

திருப்பதிக்குப் போய்வந்தால் நம் வீடுகளில் கேட்பது இரண்டே கேள்வி. எத்தனை மணி நேரம் நின்றீர்கள்? லட்டு எத்தனை கிடைத்தது? மலை எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்காது. பஸ் மலைப்பாதையில் வளையத் தொடங்கியதுமே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிற கூட்டம் நாம்.

அந்தப் பாதையோரப் பாறையில், கீழே பழைய கருங்கல்லும் மேலே குவார்ட்சைட் அடுக்கும் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு. இரண்டுக்கும் இடையே சுமார் 80 கோடி ஆண்டு இடைவெளி என்கிறார்கள் நிலவியல்காரர்கள். தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் அது. நாம் தூங்கிக்கொண்டே தாண்டிவிடுகிறோம்.

1944-இல் மலைக்கு ரோடு திறக்கும்வரை நடந்தோ டோலியிலோதான் ஏறவேண்டும். முழங்கால் முறிச்சான் என்கிற செங்குத்துப் படிகளில் மூச்சு வாங்க உட்கார்ந்தவர்கள் வேறு வழியில்லாமலாவது காட்டைப் பார்த்திருப்பார்கள். ரோட்டைக் குறை சொல்லவில்லை. வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் அதனால்தான் பெருமாளைப் பார்க்கிறார்கள். ஆனால் வசதி வந்ததும் கூடவே அவசரத்தையும் நாமாகக் கூட்டிக்கொண்டோம். விடிகாலை ஏறி ராத்திரிக்குள் ஊர் திரும்பிவிட்டோம் என்பதைப் பெருமையாகச் சொல்லப் பழகிக்கொண்டோம்.

நடந்து போகிற நாம் மட்டும் யோக்கியமா? அடிவாரத்து அலிபிரியிலிருந்து 3,550 படி. படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் ஏற்றி, தொட்டுக் கும்பிட்டு ஏறுகிறோம். அதே கையால் சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்கி ஓரச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிகிறோம். குரங்கு ஒன்று அதைப் பிரித்து, உள்ளே முகத்தை விட்டு, ஒட்டியிருக்கும் உப்பை நக்குகிறது. பிள்ளைகள் போனில் படம் எடுக்க, நாமும் நின்று சிரிக்கிறோம். மலைமேல் பிளாஸ்டிக் பாட்டில் கூடாது என்று தெரியும். சோதனைச்சாவடியில் பையின் அடியில் துணிக்குள் சுருட்டி வைக்கவும் தெரியும்.

குலசேகர ஆழ்வார் இந்த மலையில் என்னவாகவெல்லாம் பிறக்கலாம் என்று ஆசைப்பட்டவர். நாரையாக, சுனை மீனாக, செண்பக மரமாக, சிகரமாக, காட்டாறாக, அடியார் நடக்கிற வழியாக, கடைசியில் கோயில் வாசல்படியாக. சன்னதிப் படிக்குக் குலசேகரப்படி என்று பெயர் வைத்து இன்றும் கொண்டாடுகிறோம். அவர் கேட்ட மற்றதெல்லாம் நம் கணக்கில் வரவே இல்லை.

ஆற்றையே எடுத்துக்கொள்வோம். சுவர்ணமுகி சந்திரகிரி, திருச்சானூர் ஓரமாக வந்து, காளகஸ்தியைத் தொட்டு, வங்கக் கடலில் சேர்கிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல். பரிகார பூஜை முடித்து வருகிற நமக்கு அது கவரைப் போட்டுவிட்டுப் போக வசதியான இடம். 2021 நவம்பர் மழையில் அதே ஆறு கரையோர வீடுகளைச் சரித்தது. மலையேறும் இன்னொரு நடைபாதையான ஸ்ரீவாரி மெட்டின் படிகள் உடைந்துபோயின. அந்த வாரம் நாம் அதிகம் விசாரித்தது, தரிசன டிக்கெட்டை வேறு தேதிக்கு மாற்றித் தருவார்களா என்பதைத்தான்.

இன்னொன்றைச் சொல்லக் கூச்சமாகவே இருக்கிறது. செம்மரம் தானாக வளர்வது உலகத்திலேயே ஏறக்குறைய இந்த மலைகளில்தான். 2015 ஏப்ரல் 7 அன்று இதே மலைகளின் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லிப் போலீசார் சுட்டதில் இறந்த 20 பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். பலர் ஏழை மலைகிராமத்துக் கூலிகள். சில வாரம் பேசினோம், கோபப்பட்டோம். அந்த வருஷம் புரட்டாசியிலும் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு அதே மலைக்குத்தான் போனோம். நமக்குக் கூப்பிடு தூரத்து ஊர்களில் ஆட்கள் ஏன் உயிரைப் பணயம் வைத்து அந்தக் கூலிக்குப் போகவேண்டியிருந்தது என்று நமக்குள்ளேயே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால், வேறு வேலை ஒன்றுக்காவது வழி தேடியிருப்போமோ என்னவோ.

இத்தனைக்கும் தமிழ்நிலத்தின் வட எல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரத்தைச் சொல்லி உரிமை பேசுவதில் நாம் சளைத்தவர்கள் இல்லை. உரிமை கொண்டாடுகிற இடத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்கிறவர்கள் வேறு யாரோ.

நல்லவேளை, மலை இன்னும் போய்விடவில்லை. சேஷாசலம் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமானது. செண்பகமும் சுனையும் தேடிப்போனால் கிடைக்கும். இந்தப் புரட்டாசிக்குத் தெருவில் வேன் பேசும்போதே, ராத்திரி திரும்பவேண்டாம், மறுநாள் மத்தியானம் கிளம்பலாம் என்று டிரைவரிடம் சொல்லிவைக்கலாம். கோயிலிலிருந்து சிலாதோரணம் என்கிற இயற்கைக் கல்வளைவு நடக்கிற தூரம்தான். வண்டியில் நாலு காலிச் சாக்கு போட்டுக்கொண்டால், நடந்து இறங்கும்போது படியோரம் கிடப்பதில் கொஞ்சமாவது நம்மோடு கீழே வந்துசேரும். வாடகை சற்றுக் கூடும்; ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டால் பெரிதாகத் தெரியாது.